கெட்டித் தண்ணீர்

"தண்ணி கட்டி தட்டுமா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கியா நீ?"

குழாய்க்காரர் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கண்ணாடி டம்ளர். உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் நனைந்த பஞ்சு மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். கரண்டியால் ஒன்றை நசுக்கினார். அது நழுவி இரண்டானது. இரண்டும் மேலே வந்து அவரைப் பார்த்து மிதந்தன.

"பொடியை மெதுவா தூவிக்கிட்டே கலக்கணும்னு சொன்னாங்கல்ல," என்றாள் மனைவி, நாற்காலியில் உட்கார்ந்தபடி. "நீங்க சிமெண்ட் மூட்டையைக் கவுக்கற மாதிரி கவுத்தா?"

"சிமெண்ட் இதைவிட யோக்கியமான சரக்கு. இறுகும்னு சொன்னா இறுகும்."

"கொட்டிட்டு வேற கலக்குங்க. எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

"எனக்கு எதுக்குடி? எனக்கு என்ன கேடு?"

"நீங்க குடிச்சாத்தான் நானும் குடிப்பேன். இந்தக் கருமத்தை நான் மட்டும் தனியா உக்காந்து குடிக்கணுமா?"

இந்தப் பேச்சு தினமும் நடப்பதுதான். தினமும் அவர்தான் தோற்பார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் குழாய்க்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போன இடத்தில் அவர் மனைவிக்கு வியாதி என்று சேதி வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான், குடும்பத்தில் ஒருவரையாவது வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது என்று குழாய்க்காரர் சொல்லுவார்.

சேதியைச் சொன்னது மகள். "அம்மாவுக்குத் தொண்டை பலவீனமாயிடுச்சுப்பா. சாதாத் தண்ணி, டீ, சூப் எதுவும் அப்படியே குடிக்கக் கூடாது."

"ஏன், தண்ணி என்ன செஞ்சுது?"

"தொண்டையில ரெண்டு வழி. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு நுரையீரலுக்கு. முழுங்கும்போது நுரையீரல் வழியை ஒரு மூடி வந்து மூடும். அந்த மூடி இப்ப மெதுவா மூடுது. தண்ணி அதுக்குள்ள ஓடிப்போயிடுது. தண்ணியைக் கெட்டியாக்கிக் குடுத்தா நிதானமா இறங்கும். மூடிக்கு நேரம் கிடைக்கும்."

குழாய்க்காரர் பேங்கை நம்பாதவர், வானிலை அறிக்கையை நம்பாதவர், தராசு முள்ளைக் குனிந்து பார்க்காமல் ஒரு கிலோ வெங்காயம் வாங்காதவர். ஆனால் இதை நம்பினார். காரணம், இது அவருக்குத் தெரிந்த சமாச்சாரம். "வால்வு தேஞ்சுபோச்சு, அவ்வளவுதானே?" என்றார். எத்தனை வீடுகளில் எத்தனை வால்வு பார்த்திருப்பார்!

கூடவே மகள் இன்னொன்றும் சொன்னாள். "இது சரியா இறங்கலைன்னா மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் வெச்சுடுவாங்கப்பா. அதனால நீங்கதான் பாத்துக்கணும்."

வாழ்நாள் முழுக்கக் குழாய் போட்ட மனுஷனுக்கு அந்த ஒரு குழாயை நினைத்தால் கை கால் ஓடாது. அவரோடு வேலை பார்த்த வெல்டருக்கு அப்படித்தான் வைத்தார்கள். சிங்கம் மாதிரி இருந்த ஆள். பார்க்கப் போனபோது கட்டிலில் கிடந்து கண்ணாலேயே பேசினான். பேச்சு என்ன பேச்சு, இதை எடுத்துவிடு என்பதுதான். திரும்பி வந்து குழாய்க்காரர் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அதனால் இவளுக்கு அந்தக் கதி வரக்கூடாது. அவருக்கு இப்போது இருந்தது அந்த ஒரே கவலைதான்.

அவள் கேட்டதற்காக அவரும் சாதாத் தண்ணீரை விட்டார். சாப்பாட்டையும் அவளுக்காகக் குழைத்தே சாப்பிட்டார். வழியில் பழைய கூட்டாளிகள் டீக்கடைக்கு இழுத்தால், "வீட்ல ஒருத்தி வறண்டு கிடக்கறா, எனக்கென்ன டீ," என்று கையை உதறிக்கொண்டு வந்துவிடுவார். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் கொழுப்பு ஏறிவிடும்.

தண்ணீரைக் கெட்டியாக்குகிற பொடி டப்பாவோடு ஒரு குட்டிக் கரண்டி கொடுத்திருந்தார்கள், அளவுக்கு. அதன் மேல் அவருக்குச் சந்தேகம்.

"சரக்கு சீக்கிரம் தீரணும்னே கரண்டியைப் பெரிசா வெச்சிருக்கான்."

"ஏங்க, அது அளவு."

"யாரு அளவு? விக்கறவன் அளவு."

அரைக் கரண்டி போட்டார். கலக்கினார். கரண்டியை வாயில் வைத்துப் பார்த்தார், பரவாயில்லை. திரும்பக் கலக்கினார், திரும்ப வாயில் வைத்தார். இப்படி நாலு தடவை ருசி பார்த்து அவளிடம் நீட்டியபோது டம்ளரில் வெறும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"பாத்தியா! கெட்டியா இருந்தது. கண்ணு முன்னாடியே தண்ணியாப் போச்சு. டப்பாவுல கலப்படம்!"

உடனே மகளுக்குப் போன் போட்டார்.

மகள் வெளியூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு முறை அவரைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். நகம் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு, அதற்குள் தலைமுடி கனத்தில் ஒரு வாய்க்கால். பெரிதாக்கிக் காட்டும் திரையில் சிவப்பு மையும் நீல மையும் ஒரே வாய்க்காலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போயின. கலக்கவே இல்லை. இவ்வளவு குறுகலான வழியில் தண்ணீர் சுழலாது அப்பா, வரிசையாகத்தான் போகும் என்றாள். ஒரு சொட்டு ரத்தத்தை இதில் ஓடவிட்டு வியாதி கண்டுபிடிக்கலாம் என்றாள். "ஒரு சொட்டு ஓடறதுக்கு இவ்வளவு பெரிய கட்டடமா?" என்று கேட்டுவிட்டு வந்தார். இன்றுவரை அந்தத் திரையில் ஏதோ தில்லுமுல்லு என்பதுதான் அவர் அபிப்பிராயம்.

"அப்பா, கரண்டியை வாயில வெச்சீங்களா?"

"ருசி பாக்காம எப்படிக் குடுக்கறது?"

"வெச்ச கரண்டியைத் திருப்பி டம்ளர்ல விட்டீங்களா?"

"பின்ன, காதுலயா சொருகிக்குவாங்க?"

"அதான். அதுல இருக்கறது மாவுச்சத்து. எச்சில் பட்டா உடைஞ்சு நீர்த்துப்போயிடும். எச்சிலோட வேலையே அதுதான்."

"என் எச்சிலைக் குத்தம் சொல்றியா?"

"எல்லார் எச்சிலும்தான்பா. ஆளுக்கு ஒரு டம்ளர், ஆளுக்கு ஒரு கரண்டி வெச்சுக்குங்க. முழுக் கரண்டி போடுங்க. கொஞ்ச நேரம் சும்மா விடுங்க. எடுத்துச் சாய்ச்சா தேன் மாதிரி இறங்கணும்."

"இவ்வளவு கெட்டியா இருந்தா உள்ள எப்படிப் போகும்?"

"தக்காளி சாஸ் பாட்டிலைக் கவுத்தா வராது, குலுக்கினா வந்துடுதுல்ல? அந்த மாதிரி. சும்மா இருந்தா கெட்டி, தள்ளினா இளகும். நாக்கு தள்ளினதும் வழுக்கிக்கிட்டுப் போயிடும். தண்ணி ஒரு ரகம்பா, இது வேற ரகம். இருமல் வருதாப்பா?"

"யாருக்கு?"

"யாருக்காவது."

"எனக்கு எப்பவும் வர்றதுதான். துருப்பிடிச்ச குழாயோட மல்லுக்கட்டினவன் நெஞ்சுல துரு இருக்காதா? நீ உங்கம்மாவைக் கேளு."

"அம்மாவைக் கொஞ்சம் தனியா விடுங்கப்பா. எப்பப் பாத்தாலும் பின்னாடியே நிக்காதீங்க," என்றாள்.

குழாய்க்காரர் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், மனைவிக்குப் பின்னால் நின்றார்.

அப்படி நிற்பதற்குக் காரணம் இருந்தது. அவள் இளைத்துக்கொண்டே போனாள். கன்னம் ஒட்டிவிட்டது. உதடு வெடித்திருந்தது. மோதிரம் நிற்காமல் அதற்கு நூல் சுற்றியிருந்தாள். கெட்டித் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி குடிப்பாள். பாதிக்கு மேல் இறங்காது. அவர் தன் டம்ளரைக் காலி செய்து கவிழ்த்துக் காட்டுவார். அதை மட்டும் கண்கொட்டாமல் பார்ப்பாள், கடைசிச் சொட்டு வரைக்கும்.

"என்னைப் பாக்காதே, உன் டம்ளரைப் பாரு."

"பாக்கறேன், பாக்கறேன்."

"இதுல என்ன சேத்திருக்கானோ. நீ பாதியா ஆயிட்டே."

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க குடிங்க."

வழக்கமாக வருகிற தொண்டைக்காரம்மா அடுத்த தடவை வந்து பார்த்துவிட்டு, குழாய் வைப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்வதாக இருந்தது. விழுங்குவதற்குப் பயிற்சி தருகிற அந்த அம்மாளுக்கு நீளமாக ஒரு பட்டம் உண்டு. அது குழாய்க்காரர் வாயில் நுழையாததால் தொண்டைக்காரம்மா. இவளை இந்தக் கோலத்தில் பார்த்தால் எந்தப் பைத்தியக்காரன் வேண்டாம் என்று சொல்வான்?

டப்பாதான் குற்றவாளி என்று தீர்மானித்தார். மாவுச்சத்து என்று மகளே சொல்லிவிட்டாள். மாவுக்கு எதற்கு டப்பா, எதற்கு மருந்துக்கடை? மளிகைக்கடைக்குப் போய்ப் பெரிய பொட்டலமாகச் சோளமாவு வாங்கி வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நாள் முழுவதுக்கும் சேர்த்து ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார்.

முதலில் சாதுவாகத்தான் இருந்தது. இன்னும் கெட்டியாகட்டும் என்று கொட்டினார். பொட்டலம் காலி. மெதுவாகக் கரண்டியை விட்டால் உள்ளே போனது, வேகமாகச் சுற்றினால் கரண்டி நின்றது. இழுத்தார். கரண்டி வரவில்லை. ஓங்கி இழுத்தார். கரண்டியோடு பாத்திரமும் எழும்பி வந்தது. விட்டதும் டங்கென்று விழுந்து, ஒன்றும் தெரியாததுபோல் மறுபடி தண்ணீராக நெளிந்தது.

"அடப்பாவி, நடிக்கறியா?" என்றார் பாத்திரத்தைப் பார்த்து.

இரண்டு டம்ளரில் மொண்டு வைத்து, மகள் சொன்னபடி கொஞ்ச நேரம் சும்மா விட்டார். மாவு அடியில் போய்க் கல்லாக உட்கார்ந்தது. மேலே தெளிவாக நின்றது சாதாத் தண்ணீர். அவருக்கு அது தெரியவில்லை. மனைவி வந்து உட்கார்ந்ததும், வழக்கம்போல் அவர் முதலில் டம்ளரைத் தூக்கி மடக்கென்று வாயில் ஊற்றினார்.

அப்போது வந்த இருமலில் கண் பிதுங்கிவிட்டது. முகம் கறுத்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு எங்கோ போய் முட்டிக்கொண்டு நின்றது. மனைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள். அவரை முன்னால் குனிய வைத்து முதுகில் அறைந்தாள். அவளுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று அந்த நிலையிலும் அவருக்கு ஆச்சரியம்.

"யாரு உங்களை இதைக் கலக்கச் சொன்னது? யாரு சொன்னது?" அவள் குரல் கிழிந்தது. "என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போகப் பாக்கறீங்களா?"

"நல்ல தொண்டைக்கே இப்படின்னா..." என்றார் மூச்சு வந்ததும், "உன் தொண்டைக்கு என்ன ஆயிருக்கும்? நல்ல வேளை, நான் முதல்ல குடிச்சேன்."

அவள் அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு டம்ளர் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தடயம் இருக்கக் கூடாது என்று குழாய்க்காரர் பாத்திரத்தோடு சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தார். வழவழவென்று மரியாதையாக இறங்கியது. கீழே வளைவில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் தண்ணீரைத் திறந்தார். தண்ணீர் போகவில்லை.

அடைப்பு. அவர் வீட்டுத் தொட்டியில்! தெரு முழுக்க அடைப்பு எடுத்த கை அது. அடைப்பு எடுக்கிற, கைப்பிடி வைத்த ரப்பர் மூடியை எடுத்து வைத்து ஓங்கி அழுத்தினார். சுவரில் அழுத்துவது மாதிரி இருந்தது. தள்ளினால் இளகும் என்று மகளே சொல்லியிருக்கிறாளே! இரண்டு கையாலும் குத்தினார். ரப்பர் மூடி எகிறி அவர் தாடையில் அடித்தது.

மறுபடி போன்.

"உன் சாஸ் கதையெல்லாம் சுத்தப் பொய். தள்ளத் தள்ளக் கல்லா இருக்கு."

"எதைத் தள்றீங்க?"

சொன்னார். மகள் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

"அப்பா, வேக வைக்காத சோளமாவு நேர் எதிர் ரகம். அடிச்சா இறுகும், சும்மா விட்டா இளகும். குத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு மெதுவா கிளறி விடுங்க."

"அடிச்சா இறுகுமா? உங்கம்மா மாதிரி."

"இல்லப்பா. உங்களை மாதிரி."

குழாய்க்காரர் போனை வைத்தார். மெதுவாகக் கிளறுவது அவர் தொழிலில் கிடையாது. பரணில் கிடந்த பழைய கைப்பம்பைத் தூசு தட்டி எடுத்து வந்து, தொட்டியின் வாயில் பொருத்தி, தம் கட்டி நாலு அழுத்து அழுத்தினார். ஐந்தாவதில் ஏதோ விட்டுக்கொடுத்தது. வெற்றி என்று நிமிர்ந்தார். கீழ் வீட்டில் யாரோ அலறினார்கள்.

கீழ் வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மேலே வந்தார். அவருடைய கண்ணாடியிலேயே வெள்ளைப் புள்ளிகள்.

"அண்ணே, எங்க தொட்டியில என்னமோ பொங்கி வருது. தொட்டா கல்லு மாதிரி இருக்கு, எடுத்தா கையில வழியுது. என் பொண்டாட்டி பேய் பிசாசுங்கறா. நீங்க பெரிய குழாய்க்காரராச்சே, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

"பழைய கட்டடம்," என்றார் குழாய்க்காரர், முகத்தை மாற்றிக்கொள்ளாமல். "அடியில சுண்ணாம்பு கரையுது. நாளைக்குப் பாக்கறேன்."

மேற்கொண்டு கீழே பொங்காமல் இருக்கச் சமையலறைக்கு வருகிற தண்ணீரை வால்வோடு மூடினார். இனி தண்ணீர் வேண்டுமானால் குளியலறையிலிருந்து வாளியில். அதையும் அவரே கொண்டுவந்தார், அவரே கலக்கினார், திரும்ப டப்பாப் பொடியை, முழுக் கரண்டி. ஒரு பொட்டுத் தண்ணீர் அவர் கண்ணில் படாமல் அந்த வீட்டில் நடமாட முடியாது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவர் எதற்கோ விழித்தார். பக்கத்து நாற்காலி காலி. குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே அவள் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். குழாயைச் சன்னமாக, சத்தம் வராதபடி திறந்துவிட்டு, இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். புடவை மடி முழுக்க ஈரம். குடிக்கிறாள், மூச்சு வாங்குகிறாள், மறுபடி ஏந்துகிறாள். பாலைவனத்தில் நடந்து வந்தவள்கூட அப்படிக் குடிக்க மாட்டாள்.

"அடியேய்!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையிலிருந்த தண்ணீர் கொட்டியது.

"ஒரு வாய்ங்க. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு."

"செத்துப்போயிடுவேடி! நுரையீரலுக்குப் போயிடும்டி! நானும்தானே விட்டிருக்கேன்? உனக்காகத்தானே விட்டிருக்கேன்? என்னை ஒரு பக்கம் உக்கார வெச்சுட்டு நீ இங்க வந்து திருட்டுத்தனமா..." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது வெல்டரின் கண்கள்தான்.

"இனிமே மாட்டேன்," என்றாள்.

"உன் பேச்சை நம்பறதுக்கு நான் ஆள் இல்லை."

அவர் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து குளியலறைக் குழாய்களின் கைப்பிடிகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக. வாளித் தண்ணீரைப் பெரிய தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. கடைசிக் கைப்பிடி இறுகிக் கிடந்தது. ஓங்கித் திருகியதில் ஸ்பேனர் நழுவி விழுந்து, தரையில் உருண்டு அவள் காலடியில் போய் நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு என்றால் தோள் குலுங்குகிற சிரிப்பு. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். மூடிய பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் மாறிவிட்டது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா இறுக்கிப் பிடிச்சுக் கழட்டுங்க," என்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லை. நீங்க குடிக்கறதை மட்டும் விட்டுடாதீங்க."

அன்று சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேன் கனத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். அவர் தன் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அவளும் முதல் தடவையாகத் தன்னுடையதைக் கடைசி வரை குடித்துக் கவிழ்த்துக் காட்டினாள். உதட்டு வெடிப்பில் பட்டு எரிந்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. குழாய்க்காரர் பாசமாக ஏதாவது சொல்ல நினைத்தார். பழக்கமில்லாததால், "டம்ளரைக் கழுவ வேணாம், தண்ணி இல்லை," என்றார்.

காலையில் வாசல் மணி அடித்தது. வழக்கமான தொண்டைக்காரம்மா இல்லை. கையில் பையோடு இளவயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

"அவங்க லீவு. அவங்களுக்குப் பதிலா என்னை அனுப்பியிருக்காங்க, ஐயா."

உள்ளேயிருந்து மனைவி விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, நீங்க போய்ப் பேப்பர் வாங்கிட்டு வாங்களேன். இவங்ககிட்ட நான் கொஞ்சம் தனியாப் பேசணும்."

"பேப்பர்ல என்ன இருக்கப் போகுது, எல்லாம் பொய். நான் இங்கதான் இருப்பேன்." அவர் நாற்காலியைத் துடைத்து, வெளிச்சத்தில் போட்டு, மனைவியை அதில் பிடித்து உட்கார வைத்தார். தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டார், பார்வைக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று.

"வழக்கமா எப்படிக் குடிப்பீங்களோ அப்படியே கலக்கிக் குடிங்க. நான் பாக்கறேன்," என்றாள் அந்தப் பெண்.

குழாய்க்காரர் தண்ணீர் எடுத்தார். பூட்டிய பெட்டியிலிருந்து தண்ணீர் வருவதை அந்தப் பெண் வினோதமாகப் பார்த்தாள். இரண்டு டம்ளர், இரண்டு கரண்டி. பொடியைக் கரண்டியில் தலைதட்டி அளந்து, பிறந்த குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி தூவினார். கலக்கினார். பொறுத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதைச் சொன்னபடியே செய்தார். ஒரு கட்டி இல்லை. சாய்த்தால் தேனாக இறங்கியது.

"குடி," என்றார். "நிதானமாக் குடி. அவசரமில்லை."

குடித்தார்கள். அவர் கண் முழுக்க அவள் கழுத்தின் மேல்தான் இருந்தது. ஒவ்வொரு மடக்குக்கும் அவள் தொண்டை ஏறி இறங்குவதை எண்ணாமல் எண்ணினார். இருமிவிடாதே, இருமிவிடாதே. தன் டம்ளர் காலியானதுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வந்து அவர் பக்கத்தில் நின்று, இரண்டு விரலை அவர் குரல்வளை மேல் வைத்திருந்தாள். நல்ல தொண்டையை ஒரு மாதிரிக்குப் பார்க்கிறாள் போலிருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் எக்ஸ்ரே முன்னால் நிற்க வைத்து அவருக்குத்தானே வெள்ளைத் திரவம் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள், நல்ல தொண்டை எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க. மகள்தான் சொன்னாள்.

மனைவி இருமவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கண் அவரைத் தாண்டி அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது, தீர்ப்புக்குக் காத்திருப்பவள் மாதிரி.

"ஏம்மா," என்றார் குழாய்க்காரர். "மறைக்காம சொல்லிடுங்க. மூக்குல குழாய் வைக்கணுமா?"

"குழாயெல்லாம் வேண்டாம், உங்க தொண்டை நல்லாவே தேறிடுச்சு ஐயா," என்று சிரித்துக்கொண்டே பையை மூடிய அந்தப் பெண், மனைவியின் வெடித்த உதட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்: "ஆனா, ஒரு நோயும் இல்லாத அம்மா எதுக்கு உங்க கூட உக்காந்து இதைக் குடிச்சு இப்படி வத்திப்போயிருக்காங்க?"